பாட்ணே ஓடும் கானமயிலும்

கலைக்களஞ்சியங்களில் அற்றுப்போன பறவைகளைத் தேடிப் படிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் பிடிபடும். கல்லில் பதிந்த எலும்பாக மட்டுமே கிடைத்தவை பெரும்பாலும் பேரினத்தின் பெயரிலேயே நிற்கும். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்றால் போதும், பின்னால் வரும் சிற்றினப் பெயரை யாரும் கேட்பதில்லை. மனிதர் பார்க்கப் பார்க்க மறைந்தவற்றுக்கோ சிற்றினம் சிற்றினமாகத் தனித் தலைப்பு: டோடோ, இளஞ்சிவப்புத் தலை வாத்து, 1876க்குப் பிறகு யார் கைக்கும் கிடைக்காத இமயமலைக் காடை.

எனக்குச் சிற்றினத் தலைப்புகள்தான் பிடிக்கும். பேரினம் ஆய்வாளர் கையில் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. டோடோவை 1758இல் லின்னேயஸ் எங்கே வைத்தார் தெரியுமா? நெருப்புக்கோழியின் பேரினமான ஸ்ட்ரூத்தியோவில்! 1766இல் அவரே பேரினம், சிற்றினம் இரண்டையும் மாற்றி எழுதினார். இன்று அது புறாக் குடும்பத்தில், ராஃபஸ் என்ற பேரினத்தில் இருக்கிறது. ஆனால் முதன்முதலில் இட்ட 'குகுல்லாட்டஸ்' என்ற சிற்றினப் பெயர் முன்னுரிமை விதிப்படி திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. பேரினத்தை நம்பித் தலைப்பு வைத்திருந்தால் எத்தனை தடவை அழித்தெழுதியிருக்க வேண்டும்!

ஆனாலும் சிற்றினத் தலைப்பு எனக்கு முழு நிறைவு தரவில்லை. அதற்குக் காரணம் ஒரு முட்டை ஓடு.

நான் வேலை பார்ப்பது ரஞ்சன்காவில். மகாகணபதியைத் தரிசிக்க வருகிறவர்களும் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் மாறுகிறவர்களும் ஒரே சாலையில் நெரியும் ஊர். இதே ஷிரூர் தாலுகாவில், கோட் ஆற்றங்கரையில் இருக்கும் இனாம்காவைப் புனே டெக்கான் கல்லூரி 1968இலிருந்து 1983 வரை அகழ்ந்தது. அதைப் பற்றிப் படிக்கத் தொடங்கித்தான் அந்தக் கல்லூரி 1989இல் வெளியிட்ட எஸ். ஏ. சாலியின் நூலுக்கு வந்து சேர்ந்தேன். மகாராஷ்டிரத்தின் கற்கால மக்களைப் பற்றியது. ஜள்காவ் மாவட்டத்துப் பாட்ணேயை 1970களில் சாலி தோண்டியபோது நெருப்புக்கோழி முட்டை ஓட்டுத் துண்டு ஒன்று கிடைத்தது. ஏறக்குறைய 25,000 ஆண்டுப் பழமை. அதில் இணைகோடுகள் இழுத்து, நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருக்கிறார்கள். நெருப்புக்கோழி ஓடு இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். பீங்கான் போல வழவழப்பு. கல்முனை வழுக்காமல் அதில் நேர்கோடு விழ வேண்டுமென்றால் கை நிதானமாக இருந்திருக்க வேண்டும். தக்காணத்தில் அந்தப் பறவை ஓடியபோது அதன் முட்டையைக் கையில் ஏந்திய மனிதரும் இங்கே இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, இந்தப் பறவையை எந்தத் தலைப்பில் தேடுவது? சிவாலிக் மலை எலும்புகளுக்கு மில்ன் எட்வர்ட்ஸ் 1871இல் ஸ்ட்ரூத்தியோ ஏஷியாட்டிகஸ் என்று பெயரிட்டார். ஆனால் 2017இல் ஹைதராபாத் செல்லுலர், மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்களும் மற்றவர்களும் இந்தியாவில் கிடைத்த ஓடுகளின் மரபணுவைப் பார்த்தபோது அது ஆப்பிரிக்க நெருப்புக்கோழியோடு பொருந்தியது. அந்தச் சிற்றினம் இன்றும் ஆப்பிரிக்காவில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே களஞ்சியத்தின் கணக்கில் இங்கே எதுவும் அழியவில்லை. பாட்ணே ஓட்டுக்கு நெருப்புக்கோழிப் பதிவின் ஓரத்தில் ஒரு வரி கிடைத்தால் பெரிது.

இது எனக்கு ஒப்பவில்லை. ஒரு நிலம் தன் பறவையை இழந்தால் அந்த இழப்புக்கும் தனிப் பதிவு வேண்டும். கானமயில் என்ற புல்வெளிப் பறவைக்கும் இதே கதிதான் நேர்கிறது. ஒரு காலத்தில் தமிழகத்திலும் இருந்தது, இன்று இல்லை. மகாராஷ்டிரத்தில் மாள்டோக் என்ற பெயரில் சோலாப்பூர் பக்கத்து நான்னஜ் சரணாலயத்தில் பெயர் பெற்றிருந்தது, அங்கும் காண்பது அரிதாகிவிட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் ராஜஸ்தானில். அங்கே அவை இருக்கும்வரை களஞ்சியம் "உயிர்வாழ்கிறது" என்றே எழுதும்; தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளை அதைப் படித்துவிட்டு எங்கே போய்ப் பார்ப்பது? தமிழில் அடுத்து ஒரு களஞ்சியம் எழுதுகிறவர்கள் 'தமிழகக் கானமயில்' என்று ஒரு தலைப்பையும், 'தக்காண நெருப்புக்கோழி' என்று இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எங்கே இருந்தது, என்ன சாட்சி, எதனால் போனது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கமாவது ஒதுக்கட்டும்.