வென்றவர்களின் பட்டியல்

ஜேர்மனியில் ஹாலே என்னும் பெயருடைய ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. தமிழறிந்தோர் பெரிதும் கேள்விப்பட்டது சாலே ஆற்றங்கரையில் உள்ள ஹாலே. 1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு பாதிரியார் கல்வி பயின்ற ஊர் அது. அங்குள்ள பழைய நிறுவனம் ஒன்றில் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் பேணப்படுகின்றன. நான் எழுத எடுத்துக்கொண்ட ஹாலே அதுவன்று. இது வெஸ்ற்பாலியாவில், பீலபெல்ட் நகருக்கு அண்மையில், ரொய்ற்றோபூர்க் காட்டு மலைத்தொடரின் அடியில் கிடக்கும் சிற்றூர். மக்கள்தொகை 20,000 ஐச் சற்றே தாண்டும். இருந்தும் ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் ஒரு வாரகாலம் உலகின் முன்னணி ரென்னிஸ் வீரர்கள் இவ்வூருக்கு வந்து போகிறார்கள். ஹம் நகரில் காமாட்சி அம்பாளுக்குத் தேரோடும் காலமும் ஏறத்தாழ இதுவே. ஆதலால் எம்மவரிற் பலர் இந்தப் பக்கத்து நெடுஞ்சாலையில் வாகன நெரிசலில் அகப்பட்டு, காரணம் புரியாமல் விழித்திருப்பார்கள்.

புற்றரையில் ஆடப்படும் இந்தச் சுற்றுப்போட்டி 1993 இல் ஆரம்பமானது. ஊரில் ஆடைத் தொழில் நடத்திய நிறுவனம் ஒன்று அதற்கு முதலும் பெயரும் கொடுத்தது. அரங்கில் 12,000 பேருக்கு மேல் அமரலாம்; ஊரவரிற் பாதிப்பேரை அதற்குள் இருத்திவிட்டாலும் இடம் மிஞ்சும். 1994 இல் அதற்கு மூடித்திறக்கும் கூரை அமைத்தார்கள். மழை வந்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் கூரை மூடிவிடும். அக்காலத்தில் ஹைம்களில் ஓர் அறைக்கு நால்வராக இருந்த எங்களுக்கு, ஒழுகாத கூரை என்பதே பெரிய விடயமாய் இருந்தது. புல்லுக்குக் குடை பிடிக்கிறார்கள் என்று நாங்கள் பகிடி பண்ணிக்கொண்டோம்.

என்னைக் கவர்ந்தது ஆட்டமன்று. வென்றவர்களின் பெயர்ப் பட்டியல். ஒவ்வோர் ஆண்டும் போட்டிக்கு முன்னர் உள்ளூர்ப் பத்திரிகை அதனை அச்சிடும். முதல் ஆண்டு பிரான்சின் ஹென்றி லெக்கோன்ற். அடுத்த ஆண்டு ஜேர்மனியின் மிக்கேல் ஸ்ரிக். ரஷ்யாவின் கபெல்னிக்கோவ் 1997, 1998, 2002 என மூன்று தடவை. பின்னர் 2003 இல் தொடங்குகிறது ஒரே பெயர்: ரோஜர் பெடரர். 2003 முதல் 2006 வரை தொடர்ந்து நான்கு, 2008 இல் ஒன்று, 2013 முதல் 2015 வரை மூன்று, 2017 இலும் 2019 இலும் ஒவ்வொன்று. ஆகப் பத்து. புற்றரையில் அவர் வென்ற முதற் கிண்ணம் ஹாலேயில் வென்றதே. சில வாரங்கள் கழித்துத்தான் விம்பிள்டனில் முதன்முறை வென்றார்.

அந்தப் பத்துப் பெயர்களின் இடையில் நிற்கும் மற்றப் பெயர்களையே நான் விரும்பி வாசிப்பேன். 2010 இல் லெய்ற்றன் ஹியூவிற், 2012 இல் ரொமி ஹாஸ், 2018 இல் குரோவேசியாவின் போர்னா சோரிச் ஆகிய மூவரும் இறுதியாட்டத்தில் பெடரரையே வீழ்த்தியவர்கள். இவர்களில் ஹாஸின் கதை தனி. 2009 இல் இங்கே ஜோக்கோவிச்சை வென்றவர். பின்னர் காயங்களாலும் சத்திரசிகிச்சையாலும் தரவரிசையில் எங்கோ சரிந்துபோனார். 2012 இல் அவருக்கு வயது 34, இடம் 87. ஏற்பாட்டாளர்கள் கொடுத்த சிறப்பு அனுமதியினாலேயே ஆட வந்தார். வழமையான கதவால் வரமுடியாதவருக்கு, இந்த ஒருமுறை மட்டும் என்று மனமிரங்கிக் கொடுக்கும் அனுமதி அது. எங்களுக்கு நன்கு பழக்கமான டுல்டுங் போன்றதொன்று எனலாம். அந்த அனுமதியோடு வந்தவர் கிண்ணத்தோடு போனார். 2016 இல் வென்ற புளோரியன் மாயரும் அப்போது உலகத் தரவரிசையில் 192 ஆம் இடத்தில் இருந்தவர்தான்.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு கொடியும் இருக்கும். அந்தக் கொடியைப் பார்த்து ஆளை அளக்க முடியாது. 2000 ஆம் ஆண்டு வென்ற டேவிட் பிறினோசில் ஜேர்மன் கொடிக்குரியவர். பிறந்தது செக் நாட்டின் ஒலமூக் நகரில். 2023 இலும் 2025 இலும் வென்ற அலெக்சாண்டர் புப்ளிக் கசகஸ்தான் கொடியில் ஆடுபவர், பிறந்தது ரஷ்யாவில். 2024 இல் வென்ற யன்னிக் சின்னர் இத்தாலியர், ஆனால் வீட்டு மொழி ஜேர்மன். ரஷ்யாவிலிருந்து வந்த பெற்றோருக்கு ஹம்பேர்க்கில் பிறந்த அலெக்சாண்டர் ஸ்வெரெவ் 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளும் இறுதியாட்டம் வரை வந்து தோற்றார்; 2025 வரையுள்ள பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரட்டையர் பட்டியலில் 2004 இல் இந்தியாவின் லியாண்டர் பயஸ் பெயர் உண்டு. இளமையில் சென்னையில் அமிர்தராஜ் குடும்பத்தின் பயிற்சிக்கூடத்திற் பயின்றவர். 2011 இல் இந்தியாவின் ரோகன் போபண்ணாவும் பாக்கிஸ்தானின் ஐசாம் குறேஷியும் சேர்ந்தே வென்றார்கள். பகைநாடுகள் இரண்டின் கொடிகள் ஒரே வரியில் அச்சாகியிருப்பதைக் கண்டு அன்று நான் பத்திரிகையைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன்.

முதல் கொடுத்த நிறுவனம் 2019 இல் கடன் தாளாமல் நீதிமன்றம் போனது. போட்டியின் பெயர் மாறிற்று. பின்னும் ஒருமுறை மாறிற்று. அரங்கின் பெயரும் மாறிற்று. பணம் போட்டவரின் பெயர் அழிந்தது. பந்தடித்தவர்களின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. ஊரவர் 2012 இல் அரங்கிற்குப் போகும் வீதிக்கே ரோஜர் பெடரர் அல்லே என்று பெயர் சூட்டினார்கள். உயிரோடிருக்கும் ஒருவருக்கு, அதுவும் அயல்நாட்டவருக்கு! எமது ஊர்களில் ஒழுங்கைகளுக்குக் கோயிலின் பெயரோ, செத்துப்போன பெரியவரின் பெயரோதான் வரும். ஆண்டில் ஒரு வாரம் வந்துபோன மனிதனை ஹாலே தன் முகவரியில் எழுதி வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

முன்னாள் வெற்றியாளரை மதிப்பதில் கோல்ப் ஆட்டக்காரர் இன்னும் ஒருபடி மேலே. அமெரிக்காவின் ஒகஸ்ராவில் நடைபெறும் மாஸ்ரர்ஸ் போட்டியில் வென்றவருக்குப் பச்சை நிற மேலங்கி அணிவிப்பார்கள். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவருக்கு அங்கே இடமுண்டு. ஆண்டுதோறும் போட்டிக்கு முன்னர் முன்னாள் வெற்றியாளர் அனைவரும் கூடி இராவுணவு உண்பார்கள். பென் ஹோகன் 1952 இல் தொடக்கிவைத்த வழக்கம் அது. முந்திய ஆண்டு வென்றவரே என்ன சமைப்பது என்று தீர்மானிப்பார். பெரும்பாலும் தத்தம் ஊர்ச் சாப்பாடுதான். 1985 இல் வென்ற ஜேர்மனியர் பேர்ன்ஹார்ட் லாங்கர் அடுத்த ஆண்டு வியன்னா ஷ்னிற்சலும் கருங்காட்டுக் கேக்கும் பரிமாறினார். இந்திய வம்சாவளியினரான பிஜித் தீவின் விஜய் சிங் 2000 இல் வென்று, மறு ஆண்டு தாய்லாந்துக் கறி வைத்தார். சோறும் கறியும் அந்த மேசைக்குப் போய்ச் சேர்ந்ததே, அது போதும்.

லாங்கர் யார் என்பதை எம்மவர் அறிந்துகொள்ள வேண்டும். அவருடைய தந்தை இரண்டாம் உலகப் போரின் முடிவிற் பிடிபட்டு, சைபீரியாவுக்குக் கொண்டு செல்லப்பட்ட புகையிரதத்திலிருந்து குதித்துத் தப்பியவர். ஒகஸ்பேர்க் நகருக்கு அருகில் ஒரு கிராமத்தில் குடியேறிக் கொத்துவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மகன் பத்து வயது நிரம்புமுன்னரே செல்வந்தரின் கோல்ப் பைகளைச் சுமந்து காசு உழைக்கப் போனான். சுமந்த பையன் ஆடப் பழகினான். 1985 இலும் 1993 இலும் மாஸ்ரர்ஸ் வென்றான். 2025 இல், 67 வயதில், அங்கே தன் கடைசி ஆட்டத்தை ஆடி விடைபெற்றார். நாற்பது ஆண்டுகள் அந்தக் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது.

இவற்றையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு ஒருவர் நினைவில் வருவார். நான் இந்த நாட்டில் முதன்முதல் வேலை செய்த உணவகத்தின் சமையலறையில் அவர் கோப்பை கழுவினார். கல்லூரிக் காலத்தில் கோலூன்றிப் பாய்தலில் வென்றவர். அந்நாளில் எமது பாடசாலைகளிற் பலவற்றில் மூங்கிற்கோல்தான், விழுவது மணலில். ஒருநாள் இரவு கடை பூட்டிய பின்னர், நிலந்துடைக்கும் தடியைப் பிடித்து, கை வைக்கும் முறையையும் ஓடிவந்து ஊன்றும் முறையையும் எனக்குக் காட்டினார். வேறு எவருக்கும் அவர் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. 2009 இல் காலமானார். முப்பத்தோராம் நாள் கல்வெட்டில் பிறந்த திகதி, மணநாள், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் இருந்தன. பாய்ந்த உயரம் இல்லை. எழுதிய பிள்ளைகளுக்குத் தெரிந்தாலல்லவா எழுதுவார்கள்.

எம்மிடம் ஏன் பட்டியல் இல்லை என்று கேட்பது எளிது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 வரையான நூல்கள் எரிந்தன. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. பாடசாலை மெய்வல்லுநர் போட்டியில் யார் முதலாவது வந்தார் என்பதை நாட்டின் பெரிய ஏடுகள் எழுதுவதில்லை. உள்ளூர்ப் பத்திரிகைதான் எழுதும். பின்னர் இடப்பெயர்வுகள். பாடசாலைகளே முகாம்களான காலத்தில் அலுமாரியில் இருந்த வெள்ளிக்கிண்ணங்களுக்கு என்ன நடந்திருக்கும்? சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடியவர் குறைவு. எடுத்தவரும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும்தான் எடுத்தார். நீளம் பாய்தற் சான்றிதழ் எந்த நாட்டு அகதி அலுவலகத்திலும் செல்லாது.

ஒருசிலர் பெயர் மாத்திரம் தப்பியது, உலகம் எழுதி வைத்ததால். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 1956 இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1958 இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. பின்னர் கல்வித்துறையிற் பணிசெய்து, 2024 இல் மறைந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் பாக்கு நீரிணையைப் போய்வர நீந்திக் கடந்தவர். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்றபோது உயிரிழந்தார். இவ்விருவரையும் இங்கு பிறந்த எமது பிள்ளைகளுக்குத் தெரியுமோ? பெடரரின் பத்து ஆண்டுகளையும் வரிசை பிசகாமல் ஒப்புவிக்கும் பையன்கள் இருக்கிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் படிக்கும் ஊர் அதை அவர்களுக்கு அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது.

ஆகவே ஒரு கொப்பி வாங்கினேன். கோயிலிலும் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் கண்டவரிடமெல்லாம், படிக்கிற காலத்தில் என்ன விளையாடினீர்கள் என்று கேட்டுக் குறித்து வருகிறேன். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். ஒருமுறை மறுப்பார்கள். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு அருகில் வருவார்கள். குண்டெறிதல், வட்டமாவட்டப் போட்டி, இரண்டாமிடம், 1968. உதைபந்தாட்டம், கல்லூரி அணியின் பந்துகாப்பாளர், மூன்று ஆண்டுகள். ஈட்டி எறிதல், முதலிடம், 1974 அல்லது 1975. ஆண்டு நிச்சயமில்லாத இடத்தில் பென்சிலால் எழுதுகிறேன். இன்னொருவர் வந்து உறுதிப்படுத்தினால் மையால் எழுதுவேன். தன் உயரத்தைக் கூட்டிச் சொன்ன ஒருவரை, அவருடன் பாய்ந்த மற்றவர் கனடாவிலிருந்து தொலைபேசியிலேயே திருத்தினார். ஓர் அங்குலத்துக்காக அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. இருவரும் பேசி முப்பது ஆண்டுகளாம்.

ஹம் தேர்த்திருவிழாவில் தண்ணீர்ப் பந்தலருகே எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவரைச் சந்தித்தேன். நூறு யார் ஓட்டத்தில் தன் பாடசாலையின் சம்பியன். பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தாய்க்கு நடக்கவே முழங்கால் வலி என்று மட்டும் அறிந்த பிள்ளை. நான் கணவரின் பெயரைச் சேர்த்து எழுதத் தொடங்கியதும் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

“தம்பி, கலியாணம் கட்டினதுக்குப் பிறகு நான் ஓடேல்லை. ஓடின பெயரை எழுதுங்கோ.”

தந்தையார் பெயரோடு எழுதினேன். கொப்பியில் அது இருபத்தேழாவது பெயர். இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வந்த பெண்களின் பெயர்களையும் சொன்னார். ஒருவர் நோர்வேயில் இருப்பதாகக் கேள்வி, மற்றவரைப் பற்றி 1990 க்குப் பிறகு தகவலில்லை. அவர்களுக்காக அடுத்த பக்கத்தில் இரண்டு வரி விட்டிருக்கிறேன்.