கட்டிலுக்குக் கீழே ஓர் இடம்

வெள்ளவத்தையில் எமது தையல் வகுப்பு சனிக்கிழமைகளில் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அக்கா ஒரு நாளும் தவறாதவர். ஆனால் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மட்டும் வரமாட்டார். காரணம் கேட்டபோது, "இடி இடிக்கிற காலம் பிள்ளை. நாய் தனிய நிக்காது" என்றார்.

எனக்கு அது சாட்டாகத்தான் பட்டது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களோடு பல வருடங்களாக வேலை செய்பவள் நான். பயப்படுவது நாயல்ல, அக்காதான் என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அது பாதிதான் சரி. மற்றப் பாதியை நான் விளங்கிக்கொள்வதற்கு ஒரு நாய் காணாமற்போக வேண்டியிருந்தது.

கொழும்பில் இடிமழைக்கென்று இரண்டு காலங்கள் உண்டு. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மார்ச், ஏப்ரல் மாதங்கள் ஒன்று. ஒக்டோபர், நவம்பர் மற்றது. காலையில் வெயில் எரிக்கும். பிற்பகலில் வானம் இருண்டு பின்னேரம் முழங்கத் தொடங்கும். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு வெடிகளும் சேர்ந்துகொள்ளும். நாய் வளர்ப்பவர்களுக்கு அது பொல்லாத மாதம்.

2023 ஏப்ரலில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இரண்டு சிறிய அறைகள். 2009இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்து, முகாமில் இருந்து, பின்னர் மகளோடு கொழும்புக்கு வந்தவர் அவர். மகள் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தெருவில் கிடந்த குட்டியொன்றை 2018இல் அவள்தான் தூக்கிவந்தாள். நிறத்தைப் பார்த்துப் பிரவுனி என்று பெயர் வைத்தார்கள்.

முதல் வருடம் பிரவுனி மழைக்கோ இடிக்கோ பயப்படவில்லையாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் ஆலயத்துக்கு அருகே நின்ற வானொன்றில் இருந்த குண்டும் வெடித்தது. அந்தச் சத்தங்கள் இந்த ஒழுங்கைக்கும் கேட்டன. அதன் பிறகு இடி, பட்டாசு, லொறியின் கதவு அடிபடும் சத்தம் எல்லாவற்றுக்கும் நடுக்கம். வாயால் நீர் வடியும். மூச்சு இரைக்கும். ஊளையிடும். வீட்டுக்காரர், "நாயை எங்கேயாவது விடுங்கள், இல்லாவிட்டால் வீட்டை விடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

நான் ஆலோசனை சொன்னேன். "பக்கத்தில் இருந்து தடவினால் பயம் இன்னும் கூடும் அக்கா. செல்லம் கொடுக்காதீர்கள். பின் விறாந்தையில் கட்டிவிட்டு வகுப்புக்கு வாருங்கள்." இதை நான் எங்கும் படிக்கவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகியதை, தெரிந்தவள் போலச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வந்தார். 4 மணிக்கு இடி தொடங்கியது. அவர் தையல் மெஷினில் இருந்து எழும்பவில்லை. வீட்டுக்குப் போனபோது கழுத்துப்பட்டி அறுந்து கிடந்ததாம். பின்கதவில் நகம் கீறிய அடையாளமும் இரத்தமும். நாயைக் காணவில்லை.

இரவு தொலைபேசியில் அவர் சொன்னதை நான் மறக்கமாட்டேன். "95இல வீமனை அவிட்டு விட்டிட்டு வந்தன். இதைக் கட்டிப்போட்டிட்டு வந்தன். ரெண்டும் பிழையாப்போச்சு பிள்ளை."

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் வீதியில் இறங்கிய அந்த இடப்பெயர்வை உங்களில் பலர் நடந்து கடந்திருப்பீர்கள். மழைக்குள் அந்தச் சனக்கூட்டத்தின் பின்னால் சிறிது தூரம் வந்து நின்றுவிட்ட நாய்களையும் கண்டிருப்பீர்கள். அக்காவின் வீமன் அவற்றில் ஒன்று.

மூன்றாம் நாள் காலை, புளூமெண்டால் வீதியில் நிறுத்தியிருந்த லொறியொன்றின் கீழே பிரவுனியை மகள் கண்டுபிடித்தாள். காலில் காயம். ஓட்டோவில் ஏற்றி மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். காயத்துக்கு மருந்து கட்டிய பின் அவர் சிங்களத்தில் கேட்டார், மகள் மொழிபெயர்த்தாள்: "இடி இடிக்கும்போது இது தானாக எங்கே போகும்?"

"கட்டிலுக்குக் கீழ" என்றார் அக்கா.

"அப்படியென்றால் அந்த இடத்தை அதற்குக் கொடுங்கள்."

அன்று நாங்கள் கேட்டறிந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். பயம் என்பது குழப்படியல்ல. நாய் வேண்டுமென்று நடுங்குவதில்லை. ஆகவே அடிப்பதாலோ ஏசுவதாலோ அது போகாது. தடவிக்கொடுப்பதால் பயம் வளர்வதும் இல்லை. அது அருகில் வந்தால் அமைதியாகத் தடவலாம், ஒளிய விரும்பினால் ஒளிய விடலாம். இழுத்து வெளியே எடுக்கக் கூடாது, பயத்தில் கடித்துவிடும். சங்கிலியில் கட்டவும் கூடாது. கதவு, யன்னல்களைச் சாத்தி வீட்டுக்குள் விட வேண்டும்.

ஒளியும் இடம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். கட்டிலைச் சுற்றி ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டால் மின்னல் வெளிச்சம் குறையும். வானம் இருளும்போதே ஃபேனையோ றேடியோவையோ போட்டுவிட்டால் சத்தம் கொஞ்சம் அமுங்கும். ஒவ்வொரு முழக்கத்துக்கும் அவித்த கோழித்துண்டு ஒன்று கொடுத்துப் பார்க்கலாம். நெஞ்சைச் சுற்றி இறுக்கமில்லாமல் அணைத்துக் கட்டிய துணி சில நாய்களுக்கு உதவும், சிலவற்றுக்கு உதவாது.

இடி இல்லாத மாதங்களில் பழக்கமும் கொடுக்கலாம். கைத்தொலைபேசியில் இடிச் சத்தத்தை மிக மெல்லிதாக, சாப்பிடும் நேரத்தில் சில நிமிடங்கள் போட வேண்டும். நாய் கவனிக்காமல் சாப்பிட்டால், நாட்கள் போகப் போகச் சிறிது கூட்டலாம். காது மடங்கினால், உடல் நடுங்கினால் உடனே குறைக்க வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இன்னொன்று முக்கியமானது. அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "நான் போடுற நித்திரைக் குளிசையில பாதியைக் குடுக்கலாமோ?" வைத்தியர் கையை உயர்த்தி மறித்தார். மனிதருக்கு எழுதிய மருந்தை மிருகத்துக்குக் கொடுக்கக் கூடாது. பரசிற்றமோல் ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். தேவையென்றால் நாய்களுக்கான மருந்தை மிருக வைத்தியரே தருவார். விசர்நாய்த் தடுப்பூசியையும் தவறாமல் போட வேண்டும். நாய் கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஒக்டோபரில் ஒரு பின்னேரம் நான் அங்கே இருந்தேன். அக்கா கட்டிலில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தார். சேலைக்குக் கீழால் பிரவுனியின் மூக்கு அவருடைய பாதத்தில் முட்டிக்கொண்டிருந்தது. மின்னியது. அக்கா எண்ணத் தொடங்கினார். ஒன்பதில் இடித்தது. "தூர" என்றார். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 3 செக்கன் என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் என்பது எனக்குப் பாடசாலைப் பாடம். அக்கா வன்னியில் ஷெல் குத்தும் சத்தம் கேட்டதும் விழும்வரை எண்ணிப் பழகியவர்.

பிரவுனி நடுங்கியது, ஆனால் ஊளையிடவில்லை. வீட்டுக்காரரும் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. நாய் முற்றாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். பெரிய இடிக்கு இன்னமும் சோறு தின்னாது.

நாங்களும் ஒரு மாற்றம் செய்தோம். இடிமழை மாதங்களில் தையல் வகுப்பைக் காலை 9 மணிக்கு மாற்றினோம். அக்காவுக்காகத்தான் மாற்றினோம். அவர் தவறாமல் வந்தார். அந்தப் பருவம் முடிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முந்திய வருடங்களில் அதே மாதங்களில் இன்னும் மூன்று பெண்களும் வராமல் இருந்திருக்கிறார்கள். இந்த முறை அவர்களும் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அந்த மூவர் வீட்டிலும் நாய் இல்லை.

அவர்களிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்தை மட்டும் அப்படியே வைத்திருக்கிறோம். வாசிக்கும் சகோதரிகளே, உங்கள் வீட்டில் இடிக்கு ஒளியும் நாயோ பூனையோ இருந்தால், அது ஒளியும் இடத்தை அதற்கு விட்டுக்கொடுங்கள். உங்களுக்கும் அப்படியோர் இடம் தேவைப்பட்டால், அதற்காக வெட்கப்படாதீர்கள்.