புது என்ஜின் படுத்துக்கொண்டால்...

2019 பிப்ரவரி 15. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் பதினெட்டே மாதத்தில் உருவான 'டிரெயின் 18', வந்தே பாரத் என்ற பெயரோடு டெல்லியில் கொடியசைத்து அனுப்பப்பட்டது. மறுநாளே, வாரணாசியிலிருந்து திரும்பும் வழியில், துண்ட்லா அருகே நின்றுவிட்டது. மாடு மோதியிருக்கலாம் என்றது ரயில்வே. இணையம் முழுக்க ஒரே கிண்டல். ஆனால் 17-ம் தேதி, அறிவித்தபடியே பயணிகளை ஏற்றிக்கொண்டு அது கிளம்பிவிட்டது. 2023-லிருந்து அதன் தம்பி ஒன்று எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்குத் தாம்பரம் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. முதல் நாள் மானம் போன கதை யாருக்கும் ஞாபகமில்லை.

புதுசு என்றால் பழுதாகாது என்று யார் சொன்னது? இன்ஜினியரிங் படிக்கிறவர்களைக் கேட்டால் 'பாத்டப் கர்வ்' என்று ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். குளிக்கிற தொட்டியின் பக்கவாட்டுத் தோற்றம் போல இருக்கும். பொருளின் ஆரம்ப நாட்களில் பழுது அதிகம், நடுவில் ரொம்பக் குறைவு, கடைசியில் தேய்மானத்தால் மறுபடி அதிகம். தயாரிப்பில் ஒளிந்திருந்த குறையெல்லாம் ஓட்டிப் பார்க்கும்போதுதானே தலைகாட்டும்?

சரி, பெரிய ரயில் போகட்டும். சின்ன ரயிலுக்கு வருவோம்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெரியவர். தாம்பரம் கார் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2004-ல் மீட்டர் கேஜ் மின்ரயில் நிற்கும்வரை அந்த மோட்டார்களோடுதான் வாழ்க்கை. ஓய்வுக்குப் பிறகு மொட்டை மாடி அறையில் மாடல் ரயில் ஓட்டுவது பொழுதுபோக்கு. எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. பென்ஷனில் மிச்சம் பிடித்து, 14,500 ரூபாய்க்கு மும்பைக் கடை ஒன்றிலிருந்து ஒரு புது டீசல் என்ஜின் வரவழைத்தார். மூன்றாம் நாள் அது நின்றுபோனது.

வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "நீங்க பார்க்காத மோட்டாரா? கழட்டிப் பாருங்க."

அவர் கையில் ஸ்குரூ டிரைவரும் வந்துவிட்டது. தடுத்தது பி.காம். படிக்கும் பேத்தி. "தாத்தா, கழட்டினா வாரண்டி போயிடும். அப்புறம் நீங்கதான் கெடுத்தீங்கன்னு சொல்லிடுவாங்க."

கழட்டாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அவர் செய்ததை வரிசையாகச் சொன்னால் மற்றவர்களுக்கும் உதவும். முதலில் அதே தண்டவாளத்தில் பழைய என்ஜினை விட்டுப் பார்த்தார். ஓடியது. அப்படியானால் தண்டவாளத்திலும் பவர் யூனிட்டிலும் குற்றமில்லை. அடுத்து, சக்கரங்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தார். மாடல் என்ஜினுக்குக் கரண்ட் வருவதே சக்கரம் வழியாகத்தான். கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் நின்றுவிடும். அதற்கும் அசையவில்லை. கடைசியில் என்ஜினைத் தலைகீழாகப் படுக்கவைத்து, இரண்டு ஒயரைச் சக்கரங்களில் தொட்டார். விளக்கு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. ஆகவே நடுவில் உள்ள பல்சக்கரத்திலோ தண்டிலோதான் கோளாறு. எல்லாவற்றையும் பேத்தி செல்போனில் வீடியோ எடுத்தாள்.

ஆனால் கடைக்கு எழுத அவருக்கு மனம் வரவில்லை. "முப்பது வருஷம் ரிப்பேர் பார்த்தவன், இத்துனூண்டு பொம்மைக்குப் போய் அவங்ககிட்ட கெஞ்சணுமா?"

இங்கேதான் பேத்தியின் அக்கவுண்டன்சி பாடம் கை கொடுத்தது. ஏ.எஸ். 29 என்று ஒரு கணக்கியல் தரநிலை உண்டு. வாரண்டி கொடுத்து விற்கும் நிறுவனம், எத்தனை பொருள் பழுதாகித் திரும்பும் என்று மதிப்பிட்டு, அந்தச் செலவை விற்ற வருஷத்துக் கணக்கிலேயே ஒதுக்கீடாக எழுத வேண்டும். விலை வைக்கும்போது அந்தச் செலவையும் சேர்த்துத்தானே வைப்பார்கள்? "அந்தப் பணத்தை நீங்க ஏற்கெனவே கட்டியாச்சு தாத்தா. கெஞ்சறதுக்கு இதுல என்ன இருக்கு?"

அன்றைக்கே மெயில் போனது. பில், வீடியோ, பார்த்த சோதனைகள் எல்லாம் சேர்த்து. "டெஸ்ட் செய்துதான் அனுப்பினோம்" என்று முதல் பதில் வந்தது. இரண்டாவது மெயிலில் சட்டத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்தார்கள்.

அந்த இரண்டு வரி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 1986-ம் வருஷத்து நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ விவகாரம் நடந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ம் வருஷச் சட்டப்படி, வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே போடலாம். மும்பைக் கடைக்காரர் மேல் தாம்பரத்துக்காரர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடமும் முறையிடலாம்.

வழக்கு வரை போகவில்லை. மூன்று வாரத்தில் வேறு என்ஜின் வந்தது. பெரியவர் இந்த முறை அவசரப்படவில்லை. பெட்டிகள் எதையும் மாட்டாமல், நடுத்தர வேகத்தில் முன்னால் அரை மணி, பின்னால் அரை மணி ஓட்டி, கிரீஸும் பற்களும் படியவிட்டார். பெரிய என்ஜினுக்குச் சோதனை ஓட்டம் உண்டென்றால் சின்னதற்கும் வேண்டாமா?

பழசைத் திருப்பி அனுப்பும்போது மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஐந்து நிமிஷ வேலை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அது செய்தவன் பார்க்க வேண்டிய வேலை. இவர் கழட்டிச் சரி செய்திருந்தால், இந்தக் குறை இருப்பதே செய்தவனுக்குத் தெரியாமல் போயிருக்கும். அடுத்த பெட்டியிலும் அதே பல்சக்கரம் வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும்.

புதுசாக எது வாங்கினாலும் பில்லையும் அட்டைப்பெட்டியையும் ஒரு மாதமாவது பத்திரமாக வையுங்கள். அட்டைப்பெட்டியை முதல் நாளே பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது உங்கள் பாடு!