"ஓரமாகப் போ, மகன்!"

சகோதரிகளே, பிள்ளை சைக்கிளை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது நீங்கள் என்ன சொல்லி அனுப்புகிறீர்கள்? "ஓரமாகப் போ, மகன்!" என்றுதானே? நானும் அதைத்தான் சொன்னேன். அந்தப் புத்திமதி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் கொத்மலையில் சைக்கிள் அதிகமில்லை. ஏற்றத்தில் தள்ளவேண்டும், இறக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டும். 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில் கெரண்டிஎல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் அதிகமான உயிர்கள் போன பிறகு, வீதி என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். மகன் கம்பளையில் என் நானா வீட்டில் தங்கிப் படிக்கப் போய், வகுப்புக்குச் செல்ல சைக்கிள் கேட்டபோது மறுத்தேன். மனம் கேட்காமல் பிறகு வாங்கிக் கொடுத்தேன். தினமும் டெலிபோனில் ஒரே வார்த்தை: "ஓரமாகப் போ!"

பிள்ளை சொல் தட்டவில்லை. ஒருநாள் பின்னேரம், நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்த பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில், ஓரமாகவே போயிருக்கிறான். ஆள் ஏற்ற பஸ் இடப்பக்கம் ஒதுங்கியது. நடைபாதையில் சாய்ந்து விழுந்தான். முழங்கையில் ஏழு தையல். அல்ஹம்துலில்லாஹ், அதோடு போயிற்று.

நான் பஸ்காரரைத் திட்டித் தீர்த்தேன். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, அந்த இடத்தில் போனால் சாரதிக்குப் பிள்ளை தெரியவே மாட்டான். அவனை ஓரமாகப் போகச் சொன்னது யார்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

காயம் ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளெனவே, சனம் குறைந்த நேரத்தில் நானா அவனைப் பழக்கினார். நானும் கூடப் போனேன். அன்று கற்றது இதுதான்.

பஸ், லொறியின் இடப்பக்கத்தில் நுழையவே கூடாது, பின்னால் நிற்கவேண்டும். அவற்றின் கண்ணாடியில் சாரதியின் முகம் நமக்குத் தெரியாவிட்டால், நாமும் அவருக்குத் தெரியமாட்டோம். வீதியின் இடப்பக்கமாகத்தான் போகவேண்டும். ஆனால் கானோடு ஒட்டிப் போகக்கூடாது. ஒரு கை நீளமாவது விட்டு, வளைந்து நெளியாமல் நேராகப் போகவேண்டும். நிறுத்திய வாகனங்களைக் கடக்கும்போதும் அதே இடைவெளி வேண்டும். எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று யாருக்குத் தெரியும்? திரும்புமுன் பின்னால் பார்த்து, கையைக் காட்டி, வழி கிடைத்த பிறகே திரும்பவேண்டும்.

இறக்கத்தில் வேகம் பிடிக்குமுன்பே இரண்டு பிரேக்கையும் மெல்ல அழுத்தவேண்டும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். மழையில் பிரேக் தாமதித்தே பிடிக்கும். பனிமூட்டத்திலும் மக்ரிபுக்குப் பிறகும் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரியவேண்டும். தலைக்கவசமும் வெளிர்நிற உடுப்பும் நல்லது. பையைக் கைபிடியில் தொங்கவிடக் கூடாது. பெண்பிள்ளைகள் ஓட்டினால் சங்கிலிக்கு மூடி இருக்கவேண்டும். அபாயாவின் ஓரமும் ஷோலின் நுனியும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளவேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானோ துஆவை மட்டும் கேட்டுவிட்டு, கயிற்றை மறந்துபோனேன். அந்தச் சைக்கிளின் பிரேக்கை ஒருநாளாவது பிடித்துப் பார்த்தேனா? பிள்ளை போகும் வழியை ஒருமுறையாவது நடந்து பார்த்தேனா? பயப்படுவதையே கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகன் இப்போதும் சைக்கிளில்தான் வகுப்புக்குப் போகிறான். நான் சொல்லும் வார்த்தைதான் மாறிவிட்டது: "எல்லோர் கண்ணிலும் படும்படி போ, மகன். பஸ்ஸைப் போகவிட்டுப் போ. பிஸ்மி சொல்லிக்கொள்."

சகோதரிகளே, இன்றைக்கே உங்கள் வீட்டுச் சைக்கிளின் பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். நம் பிள்ளைகள் எல்லோரையும் வல்ல அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக! ஆமீன்.