கப்பல் பயணம் போகலாமா? வீட்டில் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்!

"மூன்று இரவுகள் நடுக்கடலில். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம்!" இப்படி ஒரு விளம்பரம் இன்று பலரின் செல்போனிலும் எட்டிப்பார்க்கிறது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் கிளம்பத் தொடங்கிய பிறகு, 'அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்' என்ற எண்ணம் நம் வீடுகளில் மெல்ல மாறிவருகிறது. விசேஷத்துக்கு மண்டபம் பிடிக்கிற காசில் குடும்பத்தோடு கப்பலில் போய்வரலாமே என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

பெரம்பலூரைச் சேர்ந்த அந்த மகளும் அப்படிக் கணக்குப் போட்டவர்தான். சென்னையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்காளர் வேலை. அப்பா, அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் ஊர் சனத்தையெல்லாம் ஏற்றி இறக்கியவர், ஒரு சுற்றுலாவுக்குக்கூடப் பயணியாகப் போனதில்லை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. மூன்று வருடம் கட்டிய சீட்டுப் பணம் மகளின் கைக்கு வந்திருந்தது. இன்னொரு முறை இவ்வளவு சேர்ப்பதற்குள் அம்மாவால் நடக்க முடியுமா என்று யாருக்கும் தெரியாது. தேர்வு தப்பினால், திருத்திக்கொள்ள அடுத்த வாய்ப்பு இல்லை.

அதனால், கப்பலைத் தேடுவதற்கு முன் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் அவர் கேட்டார். "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும் அங்க என்ன செய்ய ஆசை?"

"புது ஊரைக் கண்ணால பாக்கணும்" என்றார் அப்பா. "ஏறி இறங்கச் சொல்லாம இருந்தா போதும்" என்றார் அம்மா.

இந்த இரண்டு பதில்கள் பல பயணங்களைத் தாமாகவே கழித்துவிட்டன. சில ஊர்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலில் நங்கூரமிட்டு, சின்னப் படகில் பயணிகளை இறக்குவார்கள். ஆடும் படகில் கால் மாற்றி வைப்பது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாத வேலை. வங்கக் கடலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். தென்மேற்குப் பருவமழை மாதங்களில் அரபிக் கடல் கொந்தளிக்கும்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, சிங்கப்பூரில் ஏறி, மலேசியாவின் பினாங்கு வரை போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணம். மலாக்கா நீரிணையின் இருபுறமும் நிலம் இருப்பதால் பெரும்பாலும் அலை குறைவு. பினாங்கில் கப்பல் கரையோரமாகவே நிற்கும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் உண்டு.

அடுத்து, கட்டணம். விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆகியவற்றைத் தனியாகச் சேர்ப்பார்கள். இவை எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும்.

கப்பலின் உள்பக்க அறைக்கு ஜன்னலே கிடையாது. விலை குறைவு, ஆனால், கதவைச் சாத்தினால் பகலா இரவா என்று தெரியாது. அடுத்தது ஜன்னல் அறை. அதற்கும் மேலே பால்கனி அறை. மேல்தளத்திலேயே சுற்றப்போகிறவர்களுக்கு உள்பக்க அறையே போதும். ஆனால், அம்மா பெரும்பாலும் அறையில்தான் இருப்பார். எனவே பால்கனி அறைக்கு மகள் கூடுதல் பணம் கொடுத்தார். வைஃபை, தனிக் கட்டண உணவகம் இரண்டையும் வெட்டினார். கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை கேட்டு வாங்கினார். நடுவில் ஏன் ஆட்டம் குறைவு என்பதை அம்மாவுக்கு விளக்கியது அப்பாதான்: "பஸ்ல கடைசி சீட்டு தூக்கிப்போடும். நடு சீட்டு அவ்வளவு தூக்காது. அதே கணக்குதான்."

கப்பல் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பி மறுபடியும் அங்கேயே வரும். எனவே, இரண்டாவது முறை நுழையவும் விசா செல்லுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பலில் மருத்துவர் இருப்பார். ஆனால், கட்டணம் உண்டு. பயணக் காப்பீடு அவசியம். பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு பிறகுதான் அறைக்கு அனுப்புவார்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்க வேண்டும். தலைசுற்றலுக்கான மாத்திரையை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தீ பயம் காரணமாக அயர்ன் பாக்ஸ், மின்சார கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம் போன்றவற்றுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. அம்மா பெட்டியில் வைத்திருந்த சின்ன விளக்கையும் கற்பூரத்தையும் மகள் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டார். அம்மாவுக்கு அதில் மனத்தாங்கல்தான். மறுநாள் விடியற்காலையில் பால்கனியில் நின்று, கடலிலிருந்து எழுந்த சூரியனைக் கும்பிட்ட பிறகு அதைப் பற்றி அவர் பேசவில்லை.

ஏறியதும் எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். 2012-ல் இத்தாலி அருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ இதை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதி வந்தது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் ஆபத்து என்று அர்த்தம். சிலர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் உயிர்காப்பு உடையின் வாரை இழுத்துப் பார்த்தார். படியில் தொங்கியவர்களை முப்பது வருடம் அதட்டியவராயிற்றே!

கப்பலுக்குள் பணம் கையில் புழங்காது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையை நீட்டினால் கணக்கு ஏறும். குளிர்பானம், போட்டோ, மசாஜ் எல்லாம் கடைசி நாள் பில்லில் வந்து நிற்கும். தினமும் ஒருமுறை கணக்கைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. செல்போனை ஏரோபிளேன் மோடில் வைக்காவிட்டால், கப்பலின் ரோமிங் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும்.

பினாங்கில் இறங்கும் நேரம் வந்தபோது அம்மா வரவில்லை என்றார். அவருக்காகத்தானே கரையோரமாக நிற்கும் துறைமுகமாகத் தேடினோம் என்று மகளுக்கு முகம் வாடிப்போனது. "நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போ" என்று அனுப்பிவைத்தார் அம்மா. துறைமுகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியா. அப்பா ஒவ்வொரு தமிழ்ப் பெயர்ப் பலகையையும் வாய்விட்டுப் படித்தார். 1833-ல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டார். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பச் சொன்னார். "லேட்டா வர்றவங்களுக்காக நானே வண்டியை நிறுத்தினதில்ல!" அது சரியான பயம்தான். தனியாக ஊர் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

அறைக்கு வந்தால், அம்மா பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டீ. "தனியா என்னம்மா பண்ணினே?" என்று மகள் கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல. கல்யாணம் ஆனதுல இருந்து, 'இன்னிக்கு என்ன சமையல்'னு யாரும் கேக்காத பகல் இதுதான்."

அப்பாவுக்கு வேண்டிய ஊர் கிடைத்தது. அம்மாவுக்கு வேண்டியது கப்பலிலேயே இருந்தது.

கப்பல் பயணத்தில் ஊர் என்பது சில மணி நேரம்தான். அதுவும் உறுதியில்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து போன அந்தச் சொகுசுக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல், பயணிகள் அங்கே இறங்க முடியாமல் போனது. வானிலை கெட்டாலும் ஊர் விட்டுப்போகும். ஊரைச் சுற்றிப் பார்ப்பது மட்டுமே உங்கள் ஆசை என்றால், அதே பணத்தில் ரயிலோ விமானமோ பிடித்து அங்கேயே நான்கு நாள் தங்கலாம். இறங்கவே முடியாமல் போனாலும் பரவாயில்லை, கப்பலில் இருப்பதே போதும் என்று சொல்கிற ஒருவராவது உங்கள் வீட்டில் இருந்தால், தாராளமாக டிக்கெட் போடுங்கள்.