போய்த்தான் ஆகவேண்டும்

யப்பானின் வடபுறத்தில் இருக்கிறது அகிட்டா மாகாணம். நெல்வயலும், சுகி என்னும் ஊசியிலை மரக்காடும், மாரியில் கொட்டும் பனியுமான இடம். யப்பானிலேயே முதியோர் விகிதம் கூடிய மாகாணமும் இதுதான். இளையவர்கள் தொழில் தேடித் தோக்கியோப் பக்கம் போய்விடுகிறார்கள். இங்கேதான் 2004 இல் அகிட்டா சர்வதேசப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பாடமெல்லாம் ஆங்கிலத்தில். ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்காவிட்டால் பட்டம் கிடையாது.

இந்த நிபந்தனை எனக்குப் பிடித்திருக்கிறது. "பெண்பிள்ளையைத் தனியே எப்படி அனுப்புவது?" என்று வீட்டில் கேட்டால், "போகாவிட்டால் பட்டம் இல்லை" என்று அவள் சொல்லலாம். கெஞ்சத் தேவையில்லை. ஆனால் கட்டாயம் என்றால் காசில்லாத வீட்டுக்கும் கட்டாயம்தானே?

அதற்கொரு வழி செய்திருக்கிறார்கள். ஒப்பந்தம் செய்த பல்கலைக்கழகங்களுக்கிடையே மாணவர்கள் மாறிப் போகிறார்கள். படிப்புக் கட்டணத்தை அகிட்டாவிலேயே கட்டினால் போதும். இங்கிருந்து போகிறவர்களுக்குப் பதிலாக வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், சாப்பாடு வேறு. ஆகவே நாட்டைத் தெரிவுசெய்யுமுன் அந்த ஊர் வாடகையை விசாரிக்கவேண்டும். அங்கே படிக்கும் பாடங்கள் தன் பட்டத்துக்குக் கணக்கில் சேருமா என்பதையும் புறப்படுமுன்னரே எழுத்தில் வாங்கிவிடவேண்டும். திரும்பி வந்தபின் கேட்டுப் பயனில்லை.

ஆங்கிலத் தேர்வில் போதிய புள்ளி இல்லாவிட்டால் அனுப்பமாட்டார்கள். சுகி மரத்தால் அரைவட்டமாகக் கட்டிய அவர்களது நூலகம் இரவிரவாகத் திறந்திருப்பதற்குப் பெயர்போனது. வெளியே பனி கொட்டும். உள்ளே நடுச்சாமத்திலும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள்.