தங்கமீனும் என் அவசரமும்

1/ போன வருஷம் பொண்ணு பிறந்தநாளுக்கு ஒரு கண்ணாடி பவுலும் ரெண்டு தங்கமீனும் வாங்கிட்டு வந்தேன். ஹீட்டர் தேவைப்படாத மீன், கோயமுத்தூர் கிளைமேட்டுக்குத் தோதுதான். சிறுவாணித் தண்ணியை ஊத்தி அன்னைக்கே விட்டாச்சு. ஆறாம் நாள் காலைல ரெண்டும் மிதந்துச்சு.

"ஏனுங்ப்பா, நீங்க டாக்டர்தானே?"

என்கிட்ட பதில் இல்லை.

2/ அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். மீன் செவுள் வழியா அம்மோனியாவை வெளியேத்தும். அது விஷம். குளத்துல பாக்டீரியா அதை நைட்ரைட்டாவும், பிறகு அவ்வளவா ஆபத்தில்லாத நைட்ரேட்டாவும் மாத்திடும். புதுத் தொட்டியில அந்த பாக்டீரியா கிடையாது. கிட்னி வேலை செய்யாத நோயாளியை டயாலிசிஸ் இல்லாம விட்ட மாதிரிதான்.

3/ ரெண்டாவது தடவை 80 லிட்டர் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர். க்ளோரின் போக்குற மருந்து கலந்த தண்ணி. மீன் இல்லாம தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும். டெஸ்ட் கிட்ல அம்மோனியா ஏறி இறங்குச்சு, அப்புறம் நைட்ரைட். ரெண்டும் பூஜ்யத்துக்கு வர ஆறு வாரம். பொண்ணு காலண்டர்ல தினம் கோடு போட்டா.

4/ இப்போ வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்துறோம். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில கழுவுறதில்லை. க்ளோரின் பட்டா பாக்டீரியா செத்துடும். எடுத்த பழைய தண்ணியிலயே அலசுறோம்.

5/ ஓபியில "ஒரு ஊசி போட்டு இன்னைக்கே சரி பண்ணி விடுங்க"ன்னு கேக்கறவங்ககிட்ட "பொறுங்க"ன்னு தினமும் சொல்றவன் நான். வீட்டுல ஒருநாள் கூட பொறுக்கலை.

வீட்டுக்கு வர்றவங்ககிட்ட பொண்ணு சொல்றா: "மொதல்ல தண்ணி, அப்புறந்தானுங்க மீனு."